ஒண்டுமில்லை அண்ணை

கடிதத்தை உடைக்க முன் அவருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் வேண்டும். தேத்தண்ணி பிறகுதான். தண்ணீரைக் குடித்துக் கிளாஸைத் தள்ளி வைப்பார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைப்பார். உறையைக் கையால் கிழிக்க யாரையும் விடமாட்டார். கத்தரிக்கோல் கேட்டு வாங்கி ஓரத்தை அளவாக வெட்டுவார். பிறகு மேலிருந்து கீழே ஒருதரம், கீழிருந்து மேலே ஒருதரம் வாசிப்பார். அந்த நேரம் வீட்டில் ஒருவருக்கும் மூச்சு வராது. கடைசியில் தலையை நிமிர்த்திச் சொல்லுவார்.

"ஒண்டுமில்லை. ஒரு சின்ன விசயம்."

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், எங்கள் ஆட்களிடம் அவருக்கு இரண்டு பெயர்கள். முன்னால் அண்ணை. பின்னால் 'ஒண்டுமில்லை அண்ணை'. சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் காலமாகி இன்னும் ஆண்டுத் திவசம்கூட வரவில்லை. அவரால் வீடும் விசாவும் கிடைத்தவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கு அவரைப் பற்றி நல்லது மட்டும்தான் கேட்கவேண்டும். ஒரு காலத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து நேரே அந்த ஊருக்குப் போனவள். என் கணவர் அங்கே ஒரு இத்தாலியன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் பதினைந்து வருடமாக நின்றார். அவருடைய ஜேர்மன் வெங்காயம், தட்டு, கெதியாக என்பவற்றோடு முடிந்துவிடும். கொழும்பில் சோதனை எழுதிப் பாஸ் பண்ணிய என்னுடைய ஜேர்மனோ, பெயர் சொல்லி நலம் விசாரிப்பதோடு சரி. எங்களைப்போன்ற வீடுகளுக்கு அண்ணை இல்லாமல் ஒரு கடிதமும் ஓடாது. அவர் ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவர். இடைவேளைகளில் ஜேர்மன் பேப்பரை எழுத்துக்கூட்டி வாசித்து வாசித்தே பாஷையைப் பிடித்தவர். பென்சன் எடுத்த பிறகு ஊராருடைய கடிதம் வாசிப்பதே முழுநேர வேலையாகிவிட்டது. அதற்கு ஒரு தேத்தண்ணிக்கு மேல் எதையும் வாங்கமாட்டார்.

நான் போய் இரண்டாம் மாதம் எங்கள் வீட்டுக்கு மஞ்சள் கடிதம் வந்தது. ஜேர்மனியில் மஞ்சள் உறை என்றால் அநேகமாகக் கோர்ட்டு. தபால்காரர் உறையின் மேல் திகதியைப் பேனையால் எழுதிவிட்டுப் போவார். அன்றிலிருந்து நாள் ஓடத் தொடங்கும். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் உடனே அண்ணைக்குப் போன் எடுத்தேன். வந்தார், தண்ணீர் குடித்தார், வெட்டினார், வாசித்தார்.

"ஒண்டுமில்லை பிள்ளை. வீட்டுக்காரன் சும்மா ஒரு கதை கேட்டிருக்கிறான். நான் பாக்கிறன். நீர் சமையலைப் பாரும்."

நான் சமையலைப் பார்த்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவந்தது, வீட்டுக்காரன் எங்களை வீட்டை விட்டு எழுப்ப வழக்குப் போட்டிருந்தானாம். அண்ணை கோட்டும் டையும் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எங்களுக்காகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்கி அதைத் திருப்பி எடுக்க வைத்திருக்கிறார். வெயிலோ மழையோ, அலுவலகம் என்றால் கோட்டு இல்லாமல் போகமாட்டார். "கோட்டுப் போட்டாத்தான் பிள்ளை, அவங்கள் கதிரையைக் காட்டுவாங்கள். நிண்டுகொண்டு கதைக்கிறவனுக்கு ஒரு அலுவலும் நடக்காது" என்பார்.

அதனால்தான் அவரை நம்பினோம். பொய்யைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். பொய்யைச் சொல்லிவிட்டு, அதை உண்மையாக்க ஓடித்திரிகிற ஆள்.

வழக்கு விஷயத்தை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி. அந்த அக்கா அவருக்கு நேரெதிர். கறியில் உப்புக் குறைந்தால் சமைத்தவளின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவா. "இந்த மனுசன் சாகேக்கையும் ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டுத்தான் சாவார்" என்று ஒருநாள் எனக்கு முன்னாலேயே சொன்னா. அண்ணை சிரித்துக்கொண்டு பேப்பரைப் புரட்டினார்.

இன்னொரு நாள் எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டிலிருந்த பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவருக்கு வயிற்றில் வருத்தம். எனக்கும் அதே ஆஸ்பத்திரியில் ஒரு டெர்மின், டொக்டரைப் பார்க்க நேரம், இருந்ததால் அவருடைய மகனின் காரில் நானும் போனேன். மகன் காரோடு வெளியே நிற்க, மொழிபெயர்க்க வந்த அண்ணையோடு நானும் உள்ளே இருந்தேன். டொக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு நிறைய நேரம் கதைத்தார். அந்த முகத்தைப் பார்த்தால் பாஷை தெரியாத எனக்கே விளங்கியது. அண்ணை பெரியவரிடம் திரும்பினார்.

"உங்களை வடிவாச் சாப்பிடட்டாம். மனசுக்குப் பிடிச்சதைச் சாப்பிடட்டாம்."

"நண்டும் சாப்பிடலாமோ எண்டு கேளும்" என்றார் பெரியவர்.

அண்ணை அதையும் மினக்கெட்டுக் கேட்டார். டொக்டர் ஒரு கணம் யோசித்துத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் அண்ணை தன் பையிலிருந்து பெட்டி பெட்டியாகக் கோடு போட்ட ஒரு பெட்டிக்கோட்டுக் கொப்பியை எடுத்தார். காரின் முன்பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் முழுக்கத் தமிழில் எழுதினார். அச்சடித்த மாதிரி எழுத்து. அந்தத் தாளைக் கழற்றி நாலாக மடித்து மகனின் கையில் வைத்தார். மகன் வாசித்துவிட்டுக் காருக்குப் பின்னால் போய் நின்றான். அன்றைக்குத்தான் அவருடைய முறையை முழுதாகக் கண்டேன். கெட்ட செய்தியை அவர் வாயால் சொல்லமாட்டார். எழுதித்தான் கொடுப்பார். அதையும் சம்பந்தப்பட்டவருக்குக் கொடுக்கமாட்டார். யார் தாங்குவார் என்று தானே தீர்மானித்து, அந்த ஒருவருக்குக் கொடுப்பார்.

"அவற்ற வருத்தத்தை ஏன் அண்ணை அவருக்கே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"தாங்கிற ஆளிட்டைத்தான் குடுக்கவேணும் பிள்ளை. எல்லாருக்கும் குடுத்தா எல்லாரும் விழுவினம்."

பெரியவர் மூன்று மாதம் சந்தோஷமாக நண்டு சாப்பிட்டார். ஊரிலிருந்த தம்பியோடு அவருக்கு ஒரு பழைய கோபம். "தையில போய் நேரில கதைச்சு முடிக்கப்போறன்" என்று படிக்கட்டில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மார்கழியில் செத்துப்போனார். செத்தவீட்டில் எல்லோரும் அண்ணையைப் புகழ்ந்தார்கள், கடைசிவரை மனுசனுக்கு ஒரு கவலையும் வராமல் பார்த்துக்கொண்டார் என்று. நானும் புகழ்ந்தேன். தம்பியோடு கதைக்காமல் போன கதையை ஒருவரும் எடுக்கவில்லை.

பிறகு எங்களுக்கு ஆரணி பிறந்தாள். பிறந்தவுடன் செய்த காதுச் சோதனையில் ஒரு குறையும் இல்லை. ஒன்றரை வயதில் அம்மா, அப்பா, தா என்று தொடங்கியவள் இரண்டரை வயதில் அப்படியே நின்றுவிட்டாள். அது கொரோனாக் காலம். கடையில், பஸ்ஸில், கிண்டர்கார்டன் வாசலில் எல்லோருடைய வாயும் துணிக்குள் இருந்தது. வீட்டில் என் முகத்தைப் பார்த்து நான் சொன்னதைச் செய்கிற பிள்ளை, வெளியில் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பிடிவாதம் என்று நான் அதட்டினேன்.

கிண்டர்கார்டனில்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். காது டொக்டரிடம் டெர்மின் எடுத்தோம். அந்தக் காலத்து விதிப்படி பிள்ளையோடு தாயும் மொழிபெயர்க்க ஒருவரும் மட்டும் உள்ளே போகலாம். இவர் வீட்டில் நின்றார். அண்ணை கோட்டோடு வந்தார்.

ஆரணியின் தலையில் ஒரு கருவியை மாட்டி நீண்ட நேரம் சோதித்தார்கள். பிறகு அந்தப் பெண் டொக்டர் என்னைப் பார்த்தே கதைத்தா. அண்ணையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தா. முகக்கவசத்துக்கு மேலே அவவின் கண்கள் எதையோ என்னிடம் தர முயன்றன. ஐந்து நிமிடம் இருக்கும். நிறுத்தி, அண்ணைக்குக் கை காட்டினா.

"ஒண்டுமில்லை பிள்ளை. காதில கொஞ்சம் மந்தம். வளர வளரப் பாக்கலாமாம்."

"அவ அஞ்சு நிமிசம் கதைச்சவ. நீங்கள் ரண்டு வசனம் சொல்லுறியள்."

"ஜேர்மன் நீட்டிச் சொல்லுற பாஷை பிள்ளை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து அந்த டொக்டரின் கண்கள் மாறியதும் ஞாபகம் இருக்கிறது. என்ன தாய் இவள் என்று நினைத்திருப்பா.

டொக்டர் ஒரு ஒட்டிய உறையைத் தந்தா. பெப்ரவரியில் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு டெர்மினும் போட்டிருந்தது. "அது சும்மா ஒரு கொன்ட்ரோல், திருப்பிப் பாக்கிறது. நீங்கள்தான் போகப்போறியளே, அங்க காட்டினாலும் சரி" என்று அண்ணை உறையை எங்கள் பைலுக்குள் வைத்தார்.

நாங்கள் அந்த நேரம் ஜேர்மனியை விட்டுப் போகிற ஆயத்தத்தில் இருந்தோம். இவருடைய தமையன் ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் பாலும் பேப்பரும் இனிப்பும் விற்கிற கடை வைத்திருந்தார். கரையோடு கொஞ்சம் தள்ளி இன்னொரு ஊரில் ஒரு கடை விலைக்கு வந்திருந்தது. "நீ வந்து நடத்து" என்று தம்பியைக் கூப்பிட்டார். இவர் நின்ற சாப்பாட்டுக் கடையைக் கொரோனாவோடு பூட்டிவிட்டார்கள். எட்டு மாதமாக வீட்டில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசன். ஆனால் அந்த வருடக் கடைசிக்குள் போய்ச் சேரவேண்டும். பிறகு ஐரோப்பிய யூனியனை விட்டு விலகிற பிரிட்டன் கதவைச் சாத்திவிடும், ஜேர்மன் பாஸ்போர்ட் இருந்தாலும் நினைத்தபடி போய் இருக்க ஏலாது. இதையே நாளுக்குப் பத்துத்தரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டெர்மின் முடிந்த அன்று பின்னேரம், ஊரை விட்டுப் போகிறோம் என்று நகரசபையில் பதிவு நீக்குகிற படிவம் வாங்கவென்று இவர் அண்ணை வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து குசினியில் நின்று நிறையத் தண்ணீர் குடித்தார்.

"என்னவாம் அண்ணை?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லையாம்" என்றார். ஆரணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இருட்டும் மட்டும் அறைக்குள் நடந்தார். பிள்ளைப் பாசம் என்று நினைத்தேன்.

கார்த்திகைக் கடைசியில் நாங்கள் போய் இறங்கிய ஊரில் ஒரே ஒரு நீளத் தெரு. ஒரு முனையில் துறைமுகம், மறுமுனையில் பள்ளிக்கூடம், நடுவில் எங்கள் கடை. பின்னேரம் மூன்றரைக்கு இருட்டிவிடும். கடற்பறவைகள் கடை வாசலில் நின்று ஆட்களின் கையிலிருந்து சாப்பாட்டைப் பறிக்கும். தமிழ் கேட்க வேண்டுமென்றால் தமையன் வீட்டுக்கு நாற்பது நிமிடம் காரில் போகவேண்டும். சனங்கள் நல்ல சனங்கள். பிள்ளையைக் கண்டால் குனிந்து ஏதாவது கேட்பார்கள். ஆரணி அவர்களுடைய முகக்கவசத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "வெட்கம்" என்று இவர் சொல்லுவார். சின்னப் பிள்ளைகள் பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியைகள் வேறு காரணம் கண்டுபிடித்தார்கள். வீட்டில் தமிழ், முன்பு ஜேர்மன், இப்போது ஆங்கிலம். மூன்று பாஷைக்குள் பிள்ளை குழம்பிவிட்டாள், நேரம் கொடுங்கள் என்றார்கள். அதைக் கேட்க எனக்கும் ஆறுதலாக இருந்தது.

அந்த நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பரிசாக, இவர் ஆரணிக்கு ஒரு மேளம் வாங்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவளுக்குப் பின்னால் இருந்து தானே அடிப்பார். அடித்துவிட்டு அவளுடைய பிடரியைப் பார்ப்பார். திரும்பவும் இன்னும் பலமாக அடிப்பார். "உங்களுக்கு விளையாட்டுச் சாமான் வேணுமெண்டா உங்களுக்கு வாங்குங்கோ, பிள்ளையைச் சாட்டாமல்" என்று நான் பகிடி பண்ணினேன். அவர் அந்த மேளத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. ஒருநாள் பள்ளியில் ஒருத்தி கரண்டிகள் நிறைந்த தட்டத்தைக் கைதவறிப் போட்டிருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் துள்ளித் திரும்பியிருக்கிறார்கள். தட்டம் விழுந்த இடத்துக்கு ஆகக் கிட்ட இருந்த ஆரணி மட்டும் களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தாளாம். அடுத்த கிழமையே பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள்.

கையோடு ஜேர்மன் பைலையும் கொண்டுபோனேன். அலுமாரிக்கு மேலே கிடந்த உறை, ஒட்டியது ஒட்டியபடி. அங்கே அதை ஆங்கிலத்தில் மாற்றி எடுத்தார்கள். எனக்குச் சொல்வதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போனில் எடுத்தார்கள். எங்கேயோ இருந்து கதைத்த ஒரு பெண். குரலை வைத்து எங்கள் பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்தது. "அக்கா, டொக்டர் சொல்லுறதை நான் கூட்டாமல் குறைக்காமல் அப்பிடியே சொல்லுவன். அதுதான் என்ர வேலை" என்று தொடக்கத்திலேயே சொன்னாள். அப்படியே சொன்னாள். இரண்டு காதும் பாதிப்பு. கூடிக்கொண்டு போகிற பாதிப்பு. ஜேர்மனியிலேயே கண்டுபிடித்து, உடனே கருவி போடச் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் ஏன் போடவில்லை என்று டொக்டர் கேட்கிறார்.

என் வாழ்க்கையில் முதல்தரமாக ஒரு முழு மொழிபெயர்ப்பைக் கேட்டேன்.

வெளியே கார் தரிப்பிடத்தில் நின்று அண்ணைக்குப் போன் எடுத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பிள்ளையின் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டீர்கள் என்றேன். நீங்கள் நல்லாயிருப்பீர்களா என்றும் கேட்டேன். நான் மூச்செடுக்க நின்றபோது, "ஓம் பிள்ளை. என்ர பிழைதான்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். பிறகு நாலு வருடம் எடுக்கவில்லை. இவர் மட்டும், "விடு, வயசு போன மனுசன், நல்லதுக்கு எண்டுதான் செய்திருப்பார்" என்றார். இவருக்கு எவ்வளவு பெரிய மனது என்று நினைத்தேன்.

ஆரணிக்கு முதலில் கருவி, பிறகு ஒப்பரேசன். ஒரு சொல்லுக்காக ஒரு கிழமை கதிரையில் முன்னுக்கு முன் இருந்து மினக்கெட்டிருக்கிறோம். 'தண்ணீர்' என்று அவள் சொல்ல இருபது நாள் எடுத்தது. கடையை இவர் பார்த்தார், ஆரணியை நான் பார்த்தேன். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டா. ஆரணி "என்ன கதைக்கிறீங்கள்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, விடு" என்று மட்டும் ஒருநாளும் சொல்லவேண்டாம். முகத்தை அவளுக்குத் தெரியத் திருப்பி முழுக்கச் சொல்லவேண்டும். காது கேட்காத பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கொடுமை இல்லையாம். அதைக் கேட்டு நான் அழுதேன். இவர் எழுந்து வெளியே போனார்.

போன வருடம் கெல்சென்கிர்ச்சனில் ஒரு கல்யாணம். கடையை விட்டு வர ஏலாது என்று இவர் நின்றுவிட்டார். நானும் ஆரணியும் போனோம். அவளுக்கு எட்டு வயது. அண்ணையைப் பார்க்கப் போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். ஆனால் அவர் கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறார் என்று மண்டபத்தில் சொன்னார்கள். என்ன ஆத்திரம் இருந்தாலும், அப்படிப்பட்ட ஆளைப் பாராமல் திரும்ப மனம் வரவில்லை. பிள்ளையை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்றும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

அவர் பாதியாகியிருந்தார். ஆரணியின் காதுக்குப் பின்னாலிருந்த கருவியைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். நான் சேர்த்துவைத்திருந்த சொற்களை எடுக்கும் முன்பே அக்கா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டா.

"நீ அவரைப் போனில பேசினது எனக்குத் தெரியும் பிள்ளை. நாலு வருசமா நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறன். இனி என்னால ஏலாது." குசினி மேசையின் லாச்சியை இழுத்து, மருந்துச் சிட்டைகளுக்குக் கீழேயிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தா. பெட்டிக்கோட்டுத் தாள். "உன்ர மனுசன் அண்டைக்குப் பின்னேரம் அந்த மேசையில இருந்துதான் இதை வாசிச்சவன். வாசிச்சுப்போட்டுத் திருப்பித் தந்தவன். வீட்டில வச்சிருந்தா அவ கண்டிடுவா, கண்டா ஸ்கொட்லாந்துக்கு வரமாட்டா எண்டு சொன்னவன்."

அச்சடித்த மாதிரி எழுத்து. மேலே திகதி.

'டொக்டர் சொன்னது: பிள்ளைக்கு இரண்டு காதும் பாதிப்பு. தானாக மாறாது. கூடக் கூடிய வருத்தம். உடனே கருவி போடவேணும். பிறகு ஒப்பரேசன் தேவைப்படலாம். பேச்சு வருகிற வயது, ஒவ்வொரு மாதமும் முக்கியம். வேறு நாட்டுக்குப் போவதென்றால் போய்ச் சேர்ந்த கிழமையே அங்கே காட்டவேணும். ஏலாதென்றால் பெப்ரவரி மட்டும் நின்று இங்கே காட்டிவிட்டுப் போகச் சொல்கிறா. தாய்க்கு இதை வடிவாக விளங்கப்படுத்தச் சொன்னவ.'

ஐந்து நிமிடமும் அதற்குள் இருந்தது. நான் அடுப்போடு சாய்ந்து நின்றேன். கண்முன்னே வந்தது அந்த மேளம்தான்.

அறைக்குள் போய் அவர் முன்னால் தாளை விரித்தேன். அவர் அக்காவைப் பார்த்து, "ஏனப்பா இதை எடுத்தனி?" என்றார். பிறகு என்னிடம் சொன்னார்.

"போன உடன காட்டுறன் எண்டவன் பிள்ளை. நான் நம்பினனான். அவனும் பாவம். அவனுக்கு அது கடைசி வழி."

"இதை ஏன் அண்ணை என்ர கையில தரேல்லை?"

"நீர் தாங்கமாட்டீர் எண்டு நினைச்சன்."

"தாங்கினது ஆர் அண்ணை?"

அவர் தண்ணீர் கேட்டார். அந்த வருத்தக்காரருக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்கவேண்டுமாம். "இண்டையான் தண்ணி முடிஞ்சுது" என்றா அக்கா. அவர் தலையாட்டினார். வெறும் வாயை விழுங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "போய் அவனோட ஒண்டும் கேளாதேயும். இப்ப பிள்ளைக்குக் கேக்குதுதானே" என்றார். என்னைத் திட்ட விட்டுவிட்டு நாலு வருடம் பேசாமல் இருந்த மனுசன். அவருக்காக அழுவதா, அவரை இன்னொருதரம் திட்டுவதா என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவரைக் காணக் கிடைக்கவில்லை.

விமான நிலையத்துக்கு இவர் காரோடு வந்திருந்தார். ஊருக்கு இரண்டு மணி நேர ஓட்டம். ஆரணி பின்னால் ஏறினாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்னால் இருந்தேன். கொஞ்சத் தூரம் போனபின் கேட்டார்.

"அண்ணையைப் போய்ப் பாத்தனியோ?"

"ஓம்."

"என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் இளகின. ஒரு பாட்டைப் போடக் கையை நீட்டினார். அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் மன்னித்திருப்பேனோ தெரியாது. அந்த நிம்மதியை மட்டும் என்னால் பொறுக்க ஏலவில்லை.

பின்னாலிருந்து ஆரணி என் தோளைத் தட்டினாள். கண்ணாடியில் எங்கள் வாய் அசைந்ததைக் கண்டிருக்கிறாள். "என்ன கதைக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டுச் சட்டம் அது. நான் இவரிடம் காரை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டுக்கொண்டே ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் திருப்பி நிறுத்தினார். நான் பின்பக்கம் திரும்பி, அவளுக்கு என் முகம் வடிவாகத் தெரியிற மாதிரி இருந்து சொன்னேன்.

"அப்பா எனக்கு ஒரு கடிதம் வாசிக்கப்போறார். பிறகு உனக்கும் சொல்லுவம். முழுக்க."

கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். நாலாக மடித்த பெட்டிக்கோட்டுத் தாள். விரிக்க முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கை நீட்டவில்லை. நான் அதை அவருடைய மடியில் வைத்தேன்.

"முதல் வரியிலயிருந்து வாசியுங்கோ" என்றேன். "கடைசி வரியையும் விடாமல்."